நான் கழற்றச் சொன்ன தாலி

ஊழியத்தில் கர்த்தர் செய்த பெரிய காரியங்களை இளையவர்களுக்காக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கர்த்தர் செய்ததை அவர் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்லிக்கொள்வார். நான் செய்துவைத்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். மைக்கும் கித்தாருமாகப் புறப்படப் போகிற உங்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

எழுபதுகளின் பிற்பாதியில் என்னை ஈப்போவிலிருந்து கேமரன் மலைக்கு அனுப்பினார்கள். எனக்கு முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. தானா ராத்தா ஊரில் ஒரு கடைக்குப் பின்னால் சின்ன அறை. அந்தக் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் சபை கூடும். இருபது நாற்காலி போட்டால் இடம் நிறைந்துவிடும். போதகர் ஐயா மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் ஈப்போவிலிருந்து வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற நாட்களில் நான்தான் எல்லாம். காய்கறி லோரி கிடைத்தால் லோரியில், கிடைக்காவிட்டால் நடந்து, தேயிலைத் தோட்டங்களுக்குப் போவேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எனக்கு வைத்த பெயர் வேதக்காரக்கா. துரை முதல் கங்காணி வரை யாரும் என்னைத் தடுத்ததில்லை. பைபிளும் குடையுமாக மழையில் நனைந்து வரும் பெண்ணைப் பார்த்து யார்தான் பயப்படுவார்கள்.

அவற்றில் ஒரு தோட்டத்துக்குத்தான் அதிகம் போனேன். இரண்டு வருடம் போயும் அங்கே ஒருவர்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. தேத்தண்ணி கொடுப்பார்கள், ஜெபம் பண்ணச் சொல்வார்கள், ஆமென் என்பார்கள். அடுத்த வாரம் போனால் மாரியம்மன் திருவிழாவுக்கு என்னையும் சாப்பிடக் கூப்பிடுவார்கள். ஈப்போவுக்கு நான் எழுதும் மாத அறிக்கையில் ‘விதை விதைக்கப்படுகிறது’ என்றே எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது.

அப்போதுதான் அஞ்சலை வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், என்னைவிட இரண்டு வயது இளையவள். இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த மூன்றாவது குழந்தை ஒன்பதாம் நாள் இறந்துபோயிருந்தது. லயத்தில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினால் அவள் அழுவாள், அழுதால் அடுத்த பிள்ளை தங்காது என்று அவளை அடக்கிவைத்திருந்தார்கள். நான் வேறொன்றும் செய்யவில்லை. அந்தப் பிள்ளை யார் ஜாடை என்று கேட்டேன். அவள் ஒரு மணி நேரம் பேசினாள். மறுவாரம், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் நடந்த பெண்கள் ஜெபத்துக்கு அவளாகவே வந்து உட்கார்ந்தாள். பிறகு ஒரு வாரமும் தவறவில்லை.

அவள் கணவன் முத்தையாவுக்குத் தோட்டத்துத் தேயிலை பேக்டரியில் வேலை. நல்ல மனிதன். ஒரு தரம் என் குடைக்கம்பி முறிந்திருந்ததைப் பார்த்து, கையிலிருந்து வாங்கிக் கம்பி போட்டுக் கட்டிக் கொடுத்தான். அப்போது சொன்னான்: “அவ இங்க வந்துட்டுப் போனா ரெண்டு வாய் சாப்புடுறா அக்கா. அதனால நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா வீட்டுக்குள்ள மட்டும் சண்ட வராம பாத்துக்கங்க.” அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அஞ்சலை ஞானஸ்நானம் கேட்டாள். நான் கேட்கச் சொல்லவில்லை, ஆனால் கேட்டதும் குதித்தேன். “வீட்டுல சொல்லிட்டியா?” என்று விசாரித்தேன். விசாரிக்காமல் இல்லை.

“சொன்னேங்கா. ஞாயித்துக்கெழம ஆத்துல முழுகி ஞானஸ்நானம் எடுக்கப் போறேன்னேன். அந்தத் தண்ணி ஐசுலா, சளி புடிக்கும், மொளகு ரசம் வச்சுக் குடின்னாரு.”

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஞானஸ்நானம் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியுமா என்று யோசிக்கவில்லை. என் அறிக்கையில் எழுத ஒரு வரி கிடைத்துவிட்டது அல்லவா.

அடுத்து வருவதைப் புரிந்துகொள்ள எங்கள் சபையின் வழக்கம் உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் அதைப் பழைய காலத்துக் கட்டுப்பெட்டித்தனம் என்பீர்கள். எங்களில் நகை போடுவதில்லை. தண்ணீரில் இறங்குகிறவர்கள் வெள்ளை உடுத்த வேண்டும். பெண்கள் பொட்டை அழித்து, வளையல், மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். தாலியும் அதில் சேர்த்தி. நான் அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள். என் அம்மாவின் கழுத்தில் நான் ஒன்றும் பார்த்ததில்லை. அம்மாவின் கல்யாணத்தில் அப்பா கொடுத்தது ஒரு பைபிளும் கைக்கடிகாரமும்தான். ஆகவே தாலி என்பது எனக்கு இன்னொரு நகை.

தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில், காலையில், பனி கலையும் முன் கூடினோம். ஐயா வேனில் ஏழெட்டுப் பேரை அழைத்து வந்திருந்தார். அஞ்சலை வெள்ளைச் சேலையில் கரையில் நின்றாள். வளையலைக் கழற்றினாள், மூக்குத்தியைக் கழற்றினாள், நான் கைக்குட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் கை கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. மஞ்சள் கயிற்றில் சின்னதாக ஒரு பொன் தாலி.

“இதுவுமாக்கா?” என்றாள்.

ஐயா தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி நடுங்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார். வேனில் வந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருடம் உழைத்துக் கொண்டுவந்த ஒரே ஆத்துமா கடைசி நிமிடத்தில் பின்வாங்குகிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

“இதுவும்தான்,” என்றேன்.

அவள் தலைவழியாகக் கழற்றி என் கையில் வைத்தாள். கயிறு கதகதப்பாக இருந்தது. இன்றைக்கும் அது என் கைக்கு ஞாபகம் இருக்கிறது.

அவள் முழுகி எழுந்து கரைக்கு வந்ததும் பாட்டு, ஜெபம், எல்லோருக்கும் சந்தோஷம். மறைவாக நின்று சேலை மாற்ற அங்கே இடமில்லை. “வீடு கிட்டதானக்கா, போயி மாத்திக்கிறேன்,” என்றாள் அஞ்சலை. வளையலையும் மூக்குத்தியையும் வாங்கிக்கொண்டாள். தாலியை மட்டும், “நீங்களே வச்சிருங்கக்கா. அத்தை பாத்தா என்ன சொல்வாங்களோ, நான் மெதுவா சொல்லிக்கிறேன்,” என்று கைக்குட்டையோடு என்னிடமே விட்டுப்போனாள். நான் அவளோடு லயம்வரை போயிருக்க வேண்டும். ஐயாவுக்கும் வந்தவர்களுக்கும் சோறு பரிமாறுவதில் இருந்தேன்.

லயத்தில் நடந்ததை மறுநாள் அவளே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கொழுந்து குவிந்த மாதம் அது. ஞாயிற்றுக்கிழமையும் பேக்டரி ஓடியது, முத்தையா வேலையில் இருந்தான். வீட்டு வாசலில் அவன் தாய் காத்தாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாதையில் மருமகள் வருகிறாள். வெள்ளைச் சேலை, தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் தாலியில்லை. புருஷன் செத்தால் பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் தாலியை வாங்கி, தலையில் தண்ணீர் ஊற்றி, வெள்ளைச் சேலை கொடுத்து இப்படித்தான் அழைத்துவருவார்கள். காத்தாயியும் ஒரு காலத்தில் அப்படி அழைத்துவரப்பட்டவள்தான். பேக்டரி மிஷினில் மகன் மாட்டிக்கொண்டான், சேதி மருமகளுக்கு வந்துவிட்டது என்று நினைத்தாள். நாள் கணக்குப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. கீரைத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். மகன் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். லயமே கூடிவிட்டது. அஞ்சலை, “இல்லத்த, இல்லத்த,” என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை.

செத்தது யார் என்று தெரியாமலே யாரோ பேக்டரிக்கு ஓடி, “ஒன் வீட்டுல சாவுடா,” என்றிருக்கிறார்கள். தாய்தான் போய்விட்டாள் என்று முத்தையா ஓடிவந்தான். வந்து பார்த்தால் தாய் உயிரோடு உட்கார்ந்து அவனுக்காக அழுதுகொண்டிருக்கிறாள். மனைவி ஈரத்தோடு நிற்கிறாள். கூட்டம் திரும்பி அவனைப் பார்த்தது. அந்த அமைதியில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதன்பிறகு பலரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் அஞ்சலை ஒரு துணிமூட்டையோடு என் அறை வாசலில் நின்றாள். முத்தையா அடிக்கவில்லை, வையவும் இல்லை. ‘எனக்குக் கருமாதி பண்ணிட்டா. செத்தவன் வீட்டுல இவளுக்கு என்ன வேல,’ என்று மட்டும் சொல்லியிருக்கிறான். பிள்ளைகளைத் தரவில்லை.

முன்பக்கக் கடையிலிருந்து ஐயாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கேட்டுவிட்டு, “இது அவங்க சிலுவை, சகோதரி. நாளைக்கு முதல் பஸ்ஸில் ஈப்போவுக்கு அனுப்புங்க, நம்ம பெண்கள் விடுதியில் இடம் இருக்கு. தாலியை மட்டும் திருப்பிக் கொடுத்திராதீங்க. கொடுத்தால் அந்தத் தோட்டத்தில் இனிமே யாரும் நம்ம சாட்சியை மதிக்க மாட்டாங்க,” என்றார். அவர் கல் நெஞ்சக்காரர் இல்லை. சவ அடக்கத்துக்கு ஆள் இல்லாத வீட்டில் தானே குழி வெட்டிய மனிதர். அவரும் என்னைப்போல அதற்குள்ளேயே பிறந்தவர், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வது என்று எந்த வேதாகமப் பள்ளியிலும் சொல்லித்தர மாட்டார்கள். மேலே இருப்பவர் சொல்லிவிட்டார், காலையில் பஸ் இருக்கிறது, மூட்டையும் தயாராக இருக்கிறது. எல்லாம் ஒன்றாகக் கூடிவந்தால் அதைத் தேவசித்தம் என்று சொல்லிவிடுவது நமக்குப் பழக்கம். நானும் அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன். அப்போது அஞ்சலை, “எத்தன மணிக்கு பஸ்ஸுங்கா?” என்று கேட்டாள். சொன்னால் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. ஆற்றங்கரையில் சொன்னதும் கழற்றினாள், இப்போது சொன்னதும் பஸ் ஏறுவாள். எனக்குப் பயமாகிவிட்டது.

“ஒனக்கு என்ன வேணும், அஞ்சல?” என்று கேட்டேன். பழகின இத்தனை நாளில் நான் அவளிடம் அதைக் கேட்டது அன்றுதான்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “எனக்கு ஏசுவும் வேணும். எம் புள்ளைங்களும் வேணும். அந்த மனுசனும் வேணும்லா. இதுல எத விடச் சொல்றீங்க?”

கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் வீடு திரும்பும் நேரம். பைப்படியில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். முத்தையா வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, “உள்ள வந்து பேசுங்க,” என்றான். அந்தக் கோபத்திலும் அவனுக்கு மரியாதை போகவில்லை.

“நடந்தது வெளியிலதான முத்தையா, நானும் வெளியிலயே பேசிடுறேன்,” என்றேன். பைப்படி மொத்தமும் தண்ணீரை மூடிவிட்டுத் திரும்பியது. “நேத்து நீங்க இந்த எடத்துல தல குனிஞ்சு நின்னதுக்கு நாந்தான் காரணம். இவங்களா கழட்டல, நான் சொல்லித்தான் கழட்டுனாங்க. ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னுது. மன்னிச்சிருங்க.”

இரண்டு வருடம் இதே இடத்தில் நின்றுதான் பிரசங்கித்தேன். அன்றுதான் முழு லயமும் காது கொடுத்துக் கேட்டது என்பது வேறு விஷயம். கைக்குட்டையை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

“கழட்டச் சொன்னது நீங்க. இப்ப கொண்டாந்து குடுத்தா வாங்கிக் கட்டிறணுமா? கடையில வாங்குன சாமானா அக்கா, சரியில்லன்னு திருப்பிக் குடுக்குறதுக்கு?”

நீட்டிய கையை மடக்கத் தெரியவில்லை. அப்போது உள்ளேயிருந்து காத்தாயி வந்தாள். என்னைக் கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். கிழித்திருந்தாலும் நியாயம்தான்.

அவள் மகனைப் பார்த்துப் பேசினாள். “ஒங்கப்பன் செத்தப்ப எங்கழுத்துல கெடந்தத நாலு பேரு புடிச்சுக்கிட்டு வாங்குனாளுங்க. வேணுமா வேணாமான்னு ஒருத்தி கேக்கல. இந்த வேதக்காரியும் இவள கேக்கல. நீயும் தொரத்தி விட்டியே, கேட்டியா? கேளுடா.”

முத்தையா கேட்கவில்லை. ஆனால் அஞ்சலையின் பக்கம் திரும்பினான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “புள்ள செத்தப்ப எனக்கு இங்க பேச ஆளில்ல. அங்க போயி பேசுனேன். ஞாயித்துக்கெழம காலையில அங்க போவேன், அத விட மாட்டேன். மத்த நேரமெல்லாம் இந்த வீட்டுலதான் இருப்பேன். அது கழுத்துல இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. அன்னிக்கே ஒங்கள கேட்டிருக்கணும். அது எந்தப்பு.”

அவன் என் கையிலிருந்த கைக்குட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “அக்காவுக்குத் தேத்தண்ணி போடு,” என்று அவளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனான். அஞ்சலை மூட்டையோடு அடுப்படிக்குப் போனாள். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தபோது அழுகையை அடக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து அவன் தாலியைக் கட்டினான். காத்தாயி சூடம் ஏற்றினாளாம், அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டு நம் ஜெபத்தைச் சொன்னாளாம். அதெப்படிச் சரியாகும் என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். நானும் சில வருடம் கேட்டுப் பார்த்தேன்.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது. அஞ்சலை தாலியோடு மேல்மாடிக்கு வந்து நாலாவது வரிசையில் உட்கார்ந்தாள். திருவிருந்தில் ஐயா அப்பத் தட்டை எடுத்து வந்தார். அவள் பக்கம் வந்த தட்டு, கழுத்தில் தாலியைக் கண்டதும் பின்னுக்குப் போனது. ஒன்றும் சொல்லாமல் அடுத்தவளிடம் போய்விட்டார். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது அவளுக்கு. முன்வரிசையில் என் பங்கை அதற்கு முன்பே வாங்கி நான் சாப்பிட்டிருந்தேன்.

அன்று மழை. அவளை அழைத்துப்போக முத்தையா குடையோடு மாடிப்படியில் காத்திருந்தான். கதவு திறந்துதான் கிடந்தது, நடந்ததை அவன் பார்த்திருந்தான். கூட்டம் முடிந்து நான் வெளியே வந்ததும் கேட்டான். குரலில் கோபமே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“எங்கம்மா தெனம் கோயிலுக்குப் போற மனுசி அக்கா. அவங்களே இவள திரும்ப சேத்துக்கிட்டாங்க. நீங்க சேத்துக்கலையா?”

அவர்கள் இருவரும் ஒரே குடையில் இறங்கிப் போனார்கள். நான் திரும்ப மேலே ஏறி ஐயாவிடம் பேசினேன். அவர் தன் பக்கத்துக்கு வசனம் காட்டினார், நான் என் பக்கத்துக்குக் காட்டினேன். நெடுநேரம் பேசியும் ஒன்றும் ஆகவில்லை. சபைக்கு விரோதமாகப் பேசுகிறேன் என்று அவருக்கு வருத்தம். ஊழியத்தை விட்டுப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். தங்கச்சிகளே, நீங்களும் ஒருநாள் யோசிப்பீர்கள். அன்றைக்குக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவதுதான் தைரியம் போலத் தெரியும். நான் போயிருந்தால் அஞ்சலை அந்த நாலாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

அடுத்த மாதம் என் இடத்தை விட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தட்டு வந்தபோது கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார், தாண்டிப் போனார். ஊழியக்காரி அப்பம் எடுக்கவில்லை என்று சபை முழுக்கப் பேச்சு. எனக்கு ஈப்போவிலிருந்து கடிதமும் வந்தது: தவறை உணரும்வரை எனக்குத் திருவிருந்து இல்லை. அதற்கு அடுத்த மாதமும் அங்கேயே உட்கார்ந்தேன். அஞ்சலை என்னை ஒன்றும் கேட்கவில்லை. தான் எடுத்துவந்த சின்னப் பாயைக் கால் சில்லிடாமல் இருக்க இருவர் காலுக்கும் சேர்த்து விரிப்பாள்.

நாலாவது மாதம் ஐயா எங்கள் வரிசைக்கு வந்து நின்றார். முன்பு போலத் தாண்டவில்லை. என்ன நினைத்தார் என்று அவர் கடைசிவரை என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. குனிந்து, தட்டை அஞ்சலைக்கு நீட்டினார். அவள் எடுத்துக்கொண்டாள். எனக்கு நீட்டவில்லை. கடிதம் கடிதம்தானே, அவர் நியாயப்படி அது சரி. எனக்கு அந்த நிமிடத்தில் அது ஒரு பொருட்டாகவே படவில்லை. நெஞ்சு நிறைந்திருந்தது.

அவர் அடுத்த ஆளிடம் நகர்ந்தார். அஞ்சலை தன் கையிலிருந்ததைப் பார்த்தாள், காலியாக இருந்த என் கையைப் பார்த்தாள். அப்பத்தை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை என் உள்ளங்கையில் வைத்தாள். ஐயா திரும்பிப் பார்த்தார். அவள் அவரைக் கவனிக்கவில்லை.

“சாப்புடுங்கக்கா,” என்றாள்.